மின்கிட்டாருக்கு மாடுலேஷன் பெடலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

காலால் இயக்கும் ஒலிமாற்றுக் கருவிகளான பெடல்களில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலும் எதிரொலி தரும் டிலே பெடலும் என்ன செய்யும் என்பதை வாங்குவதற்கு முன்பே பெரும்பாலான கிட்டார் கலைஞர்கள் அறிந்திருக்கிறார்கள். ஒலியின் ஏதேனும் ஒரு பண்பைத் தொடர்ந்து அசைத்துக்கொண்டிருக்கும் மாடுலேஷன் பெடல்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. கோரஸ், ஃபேஸர், ஃபிளாஞ்சர், டிரெமலோ, வைப்ரேட்டோ, யூனி-வைப், ரோட்டரி என்று பல பெயர்களில் அவை விற்கப்படுகின்றன. கடையில் சில நிமிடங்கள் மட்டும் கேட்பவருக்கு எல்லாமே ஏதோ ஒரு வகையில் அலையடிப்பதாகத்தான் தோன்றும். அந்தக் குழப்பத்தில், எது மிகப் பகட்டாக ஒலிக்கிறதோ அதையே வாங்கிவந்து, ஒரே ஒரு பாடலில் பயன்படுத்திவிட்டு, பிறகு அலமாரியில் வைத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

இவ்வகைப் பெடலை மதிப்பிடுவதற்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்பும் சோதனை ஒன்று உண்டு. வேகத்தையும் ஆழத்தையும் கட்டுப்படுத்தும் குமிழ்களை மிகக் குறைவான நிலையில் வைத்து, ஒரு முழுப் பாடலுக்கும் அணைக்காமல் வாசித்தால் அந்த ஒலி இன்னும் பிடிக்கிறதா என்று பார்ப்பதே அது. குமிழ்களை முழுவதும் திருகிய நிலையில் எந்தப் பெடலும் வியப்பூட்டும். ஆனால் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது நாம் அந்த நிலைக்குப் போவது அரிது; பெரும்பாலான நேரம் மெதுவான, மெல்லிய அசைவே போதுமானதாக இருக்கும். எடி வான் ஹேலன் தமது குழுவின் 1978ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் பயன்படுத்திய ஃபேஸர், மிக மெதுவான வேகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்பவர் பலர் அங்கே ஒரு எஃபெக்ட் இருப்பதையே உணர்வதில்லை; கிட்டாரின் ஒலி உயிரோடு நகர்வதாக மட்டுமே உணர்கிறார்கள்.

எந்தப் பண்பு அசைகிறது?

எல்லா மாடுலேஷன் பெடல்களுக்கும் பொதுவான உறுப்பு எல்எஃப்ஓ எனப்படும் தாழ் அதிர்வெண் அலையியற்றி. அது பெரும்பாலும் பத்து நொடிக்கு ஒரு முறை என்ற மெதுவான வேகம் முதல் நொடிக்குப் பத்து முறை என்ற வேகம் வரை ஏறி இறங்கும். அந்த அலை நம் காதுக்குக் கேட்பதில்லை. கிட்டார் ஒலியின் ஏதேனும் ஒரு பண்பை அது தொடர்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறது. ரேட் அல்லது ஸ்பீட் என்று எழுதப்பட்ட குமிழ் அந்த மாற்றம் எத்தனை வேகமாக நிகழ வேண்டும் என்பதையும், டெப்த் என்று எழுதப்பட்ட குமிழ் அது எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு பெடலுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, மாறுவது எந்தப் பண்பு என்று கேட்டாலே போதும்.

ஒலியளவு மாறினால் அது டிரெமலோ. சுருதி மாறினால் அது வைப்ரேட்டோ. இவ்விரண்டு பெயர்களையும் பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் மாற்றிப் பயன்படுத்தியதால், இன்றும் விற்பனை விளம்பரங்களில் குழப்பம் நீடிக்கிறது. பெயரைப் பார்க்காமல் வாசித்துக் கேட்டு உறுதிசெய்வது நல்லது. சுருதி மாறிய ஒலியை, மாறாத மூல ஒலியோடு கலந்தால் கிடைப்பது கோரஸ். இதற்காக ஒலியைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறார்கள். தாமதம் மாறும்போது சுருதி இயல்பாகவே சற்று உயர்ந்து தாழ்கிறது. கோரஸில் இந்தத் தாமதம் ஏறத்தாழ 5 முதல் 30 மில்லி விநாடிகள் வரை இருக்கும். அதையே ஏறத்தாழ 1 முதல் 10 மில்லி விநாடிகள் வரை சுருக்கி, வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பினால் (இதுவே ஃபீட்பேக்) ஃபிளாஞ்சர் பிறக்கிறது.

தாமதித்த ஒலியும் மூல ஒலியும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாமதம் ஒரு மில்லி விநாடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் பள்ளங்கள் விழும். சீப்பின் பற்களைப் போன்ற இந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகர்வதைத்தான் ஃபிளாஞ்சரின் உலோகத்தன்மையுள்ள வீச்சாக நாம் கேட்கிறோம். ஃபேஸரும் பள்ளங்களை உண்டாக்குகிறது. ஆனால் அது தாமதச் சுற்றைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு அதிர்வெண்ணின் அலைநிலையையும் வெவ்வேறு அளவில் திருப்பும் சுற்றுகளை அடுத்தடுத்து இணைத்து அதைச் செய்கிறது. அத்தகைய இரண்டு சுற்றுகளுக்கு ஒரு பள்ளம் என்ற கணக்கில், நான்கு கட்டங்கள் கொண்ட, எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் ஃபேஸ் 90 இரண்டு பள்ளங்களையும், இரண்டு கட்டங்கள் கொண்ட ஃபேஸ் 45 ஒரே ஒரு பள்ளத்தையும் தருகின்றன. பள்ளங்கள் குறைவாகவும் சமமற்ற இடைவெளியிலும் இருப்பதால் ஃபேஸரின் ஒலி ஃபிளாஞ்சரைவிட மென்மையாகவும் வட்டமாகவும் கேட்கிறது.

கோரஸ்

ரோலண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 60 வாட் ஆம்ப்களும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் உள்ளன. கோரஸை இயக்கினால் ஒரு ஸ்பீக்கர் மூல ஒலியையும், மற்றொன்று சுருதி அசையும் ஒலியையும் தருகின்றன. இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கின்றன. அந்தச் சுற்றைத் தனியே பிரித்து 1976இல் வந்ததே பாஸ் (Boss) நிறுவனப் பெயரிலான சிஇ-1 பெடல். அதன் பிறகு 1979இல் வந்த சிஇ-2, இரண்டே குமிழ்களோடு சிறிய பெட்டிக்குள் அடங்கியது. இன்று விற்பனையாகும் கோரஸ் பெடல்களில் பல, இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றின் வழிவந்தவை. நீங்கள் ஒத்திகை பார்க்கும் அறையில் ஜேசி-120 இருந்தால், கோரஸ் பெடலுக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் அதன் கோரஸை ஒரு மாலை முழுவதும் வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு இந்த எஃபெக்ட் எவ்வளவு தேவைப்படுகிறது என்பது அதிலேயே தெளிவாகிவிடும்.

கோரஸ் மிகச் சிறப்பாகப் பொருந்துவது தூய ஒலியில் சுரங்களைப் பிரித்து வாசிக்கும் இடங்களில். மூவர் மட்டுமே உள்ள குழுவில், கிட்டார் தனியாக ஒரு பெரிய இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்போது அது பேருதவி செய்கிறது. ஆனால் இரண்டு கீபோர்டுகள் உள்ள மெல்லிசைக் குழுவில் நிலைமை வேறு. கீபோர்டின் வயலின் கூட்டொலிகளிலும் மின்பியானோ ஒலிகளிலும் பெரும்பாலும் ஏற்கெனவே கோரஸ் சேர்க்கப்பட்டிருக்கும். அதன் மேல் கிட்டாரும் கோரஸோடு சேர்ந்தால், ஒவ்வொரு கருவியின் விளிம்பும் மழுங்கி எதுவும் தெளிவாகக் கேட்காமல் போகும். அத்தகைய குழுவில் வாசிப்பவருக்கு முதல் மாடுலேஷன் பெடலாக டிரெமலோவையோ ஃபேஸரையோதான் நான் பரிந்துரைப்பேன்.

கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிப்பவர்களும், திரையிசையின் குரல் வரிகளை அதன் அசைவுகளோடு வாசிப்பவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கமகம் என்பதே சுருதியின் நுட்பமான அசைவு. விரல் உண்டாக்கும் அந்த அசைவின் மேல், கோரஸோ வைப்ரேட்டோவோ தன் சொந்த அசைவை ஏற்றும்போது, கம்பிதம் என்னும் அசைவுக் கமகத்தின் வேகமும் எல்லையும் கலங்கிவிடுகின்றன. எந்த அசைவு வாசிப்பவருடையது, எது பெடலுடையது என்பது கேட்பவருக்குப் புலப்படாது. டிரெமலோ சுருதியைத் தொடுவதில்லை. மெதுவாக வைத்த ஃபேஸரும் ஒலியின் நிறத்தையே பெரும்பாலும் மாற்றுகிறது. கமகங்களைக் காக்க விரும்புபவருக்கு இவ்விரண்டும் பாதுகாப்பான வழிகள்.

கோரஸை வாங்கும்போது மிக்ஸ் அல்லது லெவல் என்ற குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழத்தைக் குறைப்பதும் கலவையைக் குறைப்பதும் ஒன்றல்ல: முன்னது சுருதி எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதைக் குறைக்கிறது, பின்னது விலகிய ஒலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைக் குறைக்கிறது. இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிந்தால் மெல்லிய ஒலிகளை அமைப்பது எளிது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பயன்படுத்திய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோனில் வேகத்துக்கு ஒரு குமிழும் ஆழத்துக்கு ஒரு சிறு சுவிட்சும் மட்டுமே உள்ளன. அது தனக்கென ஒரு வலிமையான குரலைக் கொண்ட நல்ல பெடல்தான், ஆனால் எல்லாப் பாடலுக்கும் நுணுக்கமாகப் பொருத்தக்கூடிய பெடல் அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிட்டாரின் இன்டொனேஷன் சரியாக அமையாமல், மேல் ஃபிரெட்களில் சுருதி விலகியிருந்தால் கோரஸ் அதை மறைக்காது, பெரிதாக்கவே செய்யும். பிரிட்ஜைச் சரிசெய்த பின்னரே கோரஸ் பெடல்களை ஒப்பிடத் தொடங்குங்கள்.

ஃபேஸரும் யூனி-வைப்பும்

எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஒரே ஒரு மாடுலேஷன் பெடலைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் ஃபேஸரையே வைத்துக்கொள்வேன். 1974இல் வெளிவந்த ஃபேஸ் 90இல் ஒரே ஒரு குமிழ்தான் உண்டு. அந்தக் குமிழைக் குறைவான நிலையில் வைத்தால் தனிவாசிப்புக்கு மெல்லிய நிறமாற்றம் கிடைக்கிறது. நடுவில் வைத்தால் ஃபங்க் வகைத் தாள வாசிப்புக்கு ஏற்ற சுழற்சி கிடைக்கிறது. முழுவதும் திருகினால் சுழலும் ஸ்பீக்கரை நினைவூட்டும் நடுக்கம் கிடைக்கிறது. பழைய சாய்வெழுத்துப் பெயர் கொண்ட ஃபேஸ் 90 மென்மையாக ஒலிக்கும். பின்னர் வந்த கட்டை எழுத்துப் பெயர் கொண்டவற்றில் ஃபீட்பேக் சேர்க்கப்பட்டதால் வீச்சு கூர்மையாகவும் நடு அதிர்வெண்களில் சற்று முனைப்பாகவும் கேட்கும். டிஸ்டார்ஷனோடு அதிகம் வாசிப்பவருக்கு மென்மையான வகையே நன்கு ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் ஸ்டோனில் உள்ள கலர் என்ற சுவிட்ச் இந்த இரு குணங்களுக்கிடையே மாறிக்கொள்ளும் வசதியைத் தருகிறது. ஆகவே எது தமக்குப் பிடிக்கும் என்று இன்னும் தெளிவில்லாதவருக்கு அது பொருத்தமான தொடக்கம்.

1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்துக்காக ஃபுமியோ மியெடா வடிவமைத்த யூனி-வைப், தொழில்நுட்பப்படி ஃபேஸரின் உறவினர்தான் என்றாலும் கேட்பதற்கு வேறு பொருள். அதன் நடுவில் ஒரு சிறு விளக்கு ஏறி இறங்கி எரிகிறது; அதைச் சுற்றியுள்ள நான்கு ஒளி உணரிகள் அந்த ஒளிக்கேற்பச் சுற்றின் குணத்தை மாற்றுகின்றன. விளக்கின் இழை சூடாவதற்கும் ஆறுவதற்கும் வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்வதால், அசைவு சீரான அலையாக இல்லாமல் இதயத் துடிப்பைப் போல ஒரு பக்கம் சாய்ந்து வருகிறது. 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைப் பயன்படுத்தினார். கிட்டார் கலைஞர் ராபின் டிரோவரின் ஒலியும் இதன்மீதே எழுந்தது. இன்று விற்கப்படும் வைப் பெடல்களில் சில உண்மையிலேயே விளக்கையும் ஒளி உணரிகளையும் கொண்டுள்ளன, சில டிஜிட்டல் முறையில் அதைப் போலச் செய்கின்றன. எது உண்மையானது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், மெதுவான வேகத்தில் அந்தச் சாய்ந்த துடிப்பு கேட்கிறதா, அல்லது சாதாரண ஃபேஸரைப் போலச் சீராக ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் கேளுங்கள். துடிப்பு இல்லையென்றால் வைப்புக்கு உரிய கூடுதல் விலையைக் கொடுப்பதில் பொருளில்லை.

ஃபிளாஞ்சர், டிரெமலோ, மற்றவை

ஃபிளாஞ்சர் மிகவும் ஆற்றல் வாய்ந்தது; அதனாலேயே மிக விரைவில் சலிப்பூட்டக்கூடியதும் அதுவே. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1976இல் வெளியிட்ட எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ், தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் கையில் கோரஸுக்கும் ஃபிளாஞ்சருக்கும் இடைப்பட்ட அகன்ற ஒலியைத் தந்தது. ஃபீட்பேக் குமிழை முழுவதும் குறைத்தால் ஒரு நல்ல ஃபிளாஞ்சர் கோரஸுக்கு நெருக்கமான வேலையைச் செய்யும். எனவே ஒரே பெடலில் இரு பயன்களை எதிர்பார்ப்பவர், ஃபீட்பேக்கைச் சுழியம் வரை குறைக்க முடிகிற ஃபிளாஞ்சரைத் தேட வேண்டும். தாமதத்தின் மையப்புள்ளியை நகர்த்தும் மேனுவல் என்ற குமிழ் இருப்பதும் அவசியம், ஏனெனில் வீச்சு எந்த அதிர்வெண் பகுதியில் நிகழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

டிரெமலோவில் தாளப் பொருத்தமே முதன்மை. நிமிடத்துக்கு 120 அடிகள் உள்ள பாடலில் ஓர் அடிக்கு அரை நொடி. அடிக்கு இரண்டு துடிப்பு வேண்டுமென்றால் வேகம் நொடிக்கு 4 முறை. 90 அடிகள் உள்ள பாடலில் அதே பொருத்தத்துக்கு நொடிக்கு 3 முறை. இந்த வேறுபாட்டை மேடையில் குனிந்து குமிழைத் திருகிச் சரிசெய்வது கடினம். ஆகவே ஆழமான, வெட்டும் தன்மையுள்ள டிரெமலோவை விரும்புபவர், காலால் தட்டி வேகத்தைக் குறிக்கும் டேப் டெம்போ வசதியுள்ளதையே வாங்க வேண்டும். மென்மையான டிரெமலோ போதுமென்பவருக்கு அது தேவையில்லை; தாளத்தோடு சற்று விலகி ஓடும் மெல்லிய அலை பாடலுக்கு அழகே சேர்க்கிறது. அலைவடிவத்தை மாற்றும் குமிழ் இருந்தால், வட்டமான அலையிலிருந்து சதுர அலை வரை செல்ல முடியும். சதுர அலையில்தான் ஒலி துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. இன்னொரு குறிப்பு: டிரெமலோ ஒலியளவைக் குறைத்துக் குறைத்து ஏற்றுவதால், இயக்கியவுடன் சராசரி ஒலி தாழ்ந்துவிட்டதாகக் காது உணரும். அதை ஈடுகட்டும் வால்யூம் குமிழ் இல்லாத டிரெமலோவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூய வைப்ரேட்டோ பெடலும், மணியோசை போன்ற ஒலி தரும் ரிங் மாடுலேட்டரும் குறிப்பிட்ட தேவை உள்ளவருக்கு மட்டுமே. முதல் பெடலாக அவை வேண்டாம். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரைப் போலச் செய்யும் ரோட்டரி பெடல்களில், மெதுவான வேகத்திலிருந்து விரைவான வேகத்துக்கு மாறும்போது அந்த மாற்றம் திடீரென நிகழாமல், கனமான பொருள் ஒன்று சுழலத் தொடங்குவதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ரோட்டரியின் அழகு முழுவதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

அனலாக்கா, டிஜிட்டலா?

அனலாக் கோரஸ், ஃபிளாஞ்சர் பெடல்களின் தாமதச் சுற்றில், மின்னூட்டத்தை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கைமாற்றும் சிப் இருக்கிறது. ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் 1969இல் உருவான இந்த நுட்பத்தைக் கொண்ட எம்என்3007 என்ற சிப்பில் 1024 கட்டங்கள் உள்ளன; அதைத்தான் சிஇ-2 பயன்படுத்தியது. இத்தகைய சிப்கள் இரைச்சலைச் சேர்க்கும் என்பதால், அதை மறைக்க மேல் அதிர்வெண்களை வடிகட்டிவிடுகிறார்கள். அனலாக் கோரஸின் வெதுவெதுப்பான, சற்று இருண்ட ஒலி பெரும்பாலும் அந்த வடிகட்டலிலிருந்தே வருகிறது. டிஜிட்டல் கோரஸ் கண்ணாடி போலத் தெளிவாக ஒலிக்கும். ஹம்பக்கர் வகைப் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) இருண்ட ஆம்பும் வைத்திருப்பவருக்கு டிஜிட்டலின் தெளிவு உதவலாம்; கூரிய ஒலியுள்ள சிங்கிள் காயில் கிட்டாரை வைத்திருப்பவருக்கு அனலாக்கின் இருள் இதமாக இருக்கலாம். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவுகட்ட இதில் இடமில்லை.

ஸ்ட்ரைமான் மோபியஸ், பாஸ் எம்டி-500 போன்ற பெரிய டிஜிட்டல் பெடல்கள் எல்லா வகை மாடுலேஷனையும் ஒரே பெட்டியில் தருகின்றன. வெவ்வேறு வகை இசை வாசிக்கும் தொழில்முறைக் கலைஞருக்கு அது நியாயமான முதலீடு. ஆனால் இன்னும் எந்த எஃபெக்ட் தமக்கு உரியது என்று அறியாதவர், பத்து வகைகளுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு ஒன்றையே பயன்படுத்தும் நிலை ஏற்படலாம். உங்களிடமோ நண்பரிடமோ மல்டி எஃபெக்ட்ஸ் கருவி ஏதேனும் இருந்தால், அதிலுள்ள கோரஸ், ஃபேஸர், டிரெமலோ மூன்றையும் ஒவ்வொன்றாகச் சில வாரங்கள் குழுவோடு வாசித்துப் பார்த்த பிறகு தனிப் பெடல் வாங்குவதே சிக்கனமான வழி. அந்தக் கருவியின் ஒலித்தரம் சிறப்பாக இல்லாவிட்டாலும், எந்தப் பாடலில் கால் தானாகவே எந்த எஃபெக்டை நோக்கிப் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

வரிசையில் எங்கே வைப்பது?

வாங்குவதற்கு முன்பே இதை முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் வைக்கும் இடம் மாறினால் பெடலின் குணமே மாறுகிறது. டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்த ஃபேஸர், டிஸ்டார்ஷனால் அமுக்கப்பட்டு, ஒலிக்குள்ளேயே கரைந்த நிறமாற்றமாகக் கேட்கும். பின்னால் வைத்தால் அதே ஃபேஸர் பெரிய வீச்சாக மேலெழும். ஃபிளாஞ்சருக்கு டிஸ்டார்ஷனுக்குப் பின் உள்ள இடமே பொருத்தம்: டிஸ்டார்ஷன் உண்டாக்கும் ஏராளமான மேற்சுரங்கள் இருந்தால்தான் நகரும் பள்ளங்களுக்கு வெட்டுவதற்கு ஏதாவது கிடைக்கும். கோரஸையும் பின்னால் வைப்பதே நல்லது; சுருதி விலகிய இரு ஒலிகளைக் கலந்து பலமான டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். டிஸ்டார்ஷனை ஆம்ப்ளிஃபயரின் முன்கட்டத்திலேயே உண்டாக்குபவர், ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (முன்கட்டத்துக்குப் பின் பெடலை இணைக்கும் வழி) இருக்கிறதா என்று பார்த்து, கோரஸை அங்கே இணைக்க வேண்டும். லூப் இல்லாத ஆம்பை வைத்துக்கொண்டு, அதன் டிஸ்டார்ஷனையே நம்பியிருப்பவருக்கு ஃபேஸர் அல்லது வைப் வகையே ஏற்ற தேர்வு. வைப்பை, டிஸ்டார்ஷனின் முரட்டு வகையான ஃபஸ் பெடலுக்குப் பின்னால் வைப்பது ஹெண்ட்ரிக்ஸின் முறை. முன்னால் வைத்தும் கேட்டுப் பார்க்கலாம்.

டிரெமலோவைப் பொதுவாகக் கடைசிக்கு அருகில் வைக்கலாம். 1960களின் ஃபெண்டர் ரிவர்ப் (எதிரொலி) ஆம்ப்களில் டிரெமலோ ரிவர்ப்புக்குப் பின்னரே வருகிறது. அதனால் எதிரொலியும் சேர்ந்தே துடிக்கிறது. ரிவர்ப்புக்கு முன் வைத்தால் துடிப்புகளின் இடைவெளியை எதிரொலி நிரப்பி மென்மையாக்கிவிடும். இரண்டும் அழகுதான்.

கடையில் சோதிக்கும் முறை

உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் உள்ள வேறொரு கிட்டாரில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். முதலில் டிஸ்டார்ஷன் இல்லாமல், பெடலை அணைத்த நிலையில் ஒரு நிமிடம் வாசித்து அந்த ஒலியைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு வேகத்தையும் ஆழத்தையும் முழுவதும் குறைத்து இயக்குங்கள். ஒலியளவு கூடுகிறதா, குறைகிறதா, கீழ் சுரங்கள் மெலிகின்றனவா என்று கவனியுங்கள். இயக்கியவுடன் சற்று உரக்கக் கேட்கும் பெடல் எப்போதும் நல்ல பெடல் போலத் தோன்றும். அந்த மயக்கத்துக்கு இடங்கொடாமல் ஒலியளவைச் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஒரு சுரத்தை மீட்டி அது மறையும் வரை காத்திருங்கள். அசைவு தொடர்ந்து மென்மையாகச் செல்கிறதா, அல்லது உச்சியில் திடீரென்று திரும்புகிறதா என்பது ஒற்றைச் சுரத்தில்தான் தெளிவாகத் தெரியும். அதன் பிறகு நீங்கள் அடிக்கடி வாசிக்கும் கார்டுகளை வாசியுங்கள். கடைசியாக, ஆம்பில் சற்று டிஸ்டார்ஷனைக் கூட்டி, கம்பிகளைக் கையால் அடக்கிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். எல்எஃப்ஓவின் வேகத்துக்கேற்ப டிக், டிக் என்ற சிற்றொலி கேட்டால், அது பெடலின் குறையாகவும் இருக்கலாம், ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் பிரிவதாலும் இருக்கலாம். தனி அடாப்டரிலோ பேட்டரியிலோ இயக்கி மீண்டும் கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

ஸ்டீரியோ வெளியீடு உள்ள பெடலுக்கு அதிக விலை கொடுப்பதற்கு முன், நீங்கள் வாசிக்கும் இடங்களில் இரண்டு ஆம்ப்களோ இடவலமாகப் பிரித்த ஒலிபெருக்கிகளோ உண்மையில் கிடைக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சில கோரஸ் வடிவமைப்புகளில் ஒரு பக்கத்தின் அசையும் ஒலி மறுபக்கத்துக்கு நேரெதிராகத் திருப்பப்பட்டிருக்கும். அவ்விரு வெளியீடுகளையும் ஒலிக்கலவைப் பொறியாளர் மோனோவாகச் சேர்த்துவிட்டால் எஃபெக்ட் முழுவதுமே மறைந்துபோகும். அத்தகைய மேடைகளில் மோனோ வெளியீட்டை மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

மின்சாரமும் பழைய பெடல்களும்

இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் நேர்மின்சாரத்தில், இணைப்பின் நடுமுனை எதிர்மறையாக இருக்கும் அடாப்டரில் இயங்குகின்றன. அனலாக் பெடல்களுக்குச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் பெடல்கள் அதைவிடப் பல மடங்கு கேட்கும். மோபியஸுக்குக் குறைந்தது 300 மில்லி ஆம்பியர் வேண்டும். உங்கள் பவர் சப்ளையின் ஒவ்வொரு வெளியீடும் எத்தனை மில்லி ஆம்பியர் தரும் என்பது அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே கம்பியில் பிரித்து இணைப்பதைத் தவிர்த்து, தனித்தனியே பிரிக்கப்பட்ட வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளையை வாங்குவது இரைச்சலைத் தடுக்கும்.

பழைய பெடலை வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பாஸ் நிறுவனத்தின் தொடக்ககாலச் சிறிய பெடல்களில் ஏசிஏ என்ற பழைய அடாப்டர் வகை குறிக்கப்பட்டிருந்தால், அவை இன்றைய பிஎஸ்ஏ வகை 9 வோல்ட் அடாப்டருக்காக அமைக்கப்பட்டவை அல்ல. இதில் இணைத்தால் விளக்கு மங்கலாக எரியும், ஒலியும் முழுமையாக வராமல் போகலாம். சிஇ-1 போல நேரடியாகச் சுவர் மின்சாரத்தில் இயங்கும் பழைய பெடல் ஜப்பானிலிருந்து வந்ததென்றால், அது 100 வோல்ட்டுக்கானதாக இருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ள 230 வோல்ட்டில் அதை நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிய பிறகே அதை இயக்குங்கள். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வந்தால் அது பெரும்பாலும் தூசியால்தான், சுத்தம் செய்தால் போய்விடும். ஆனால் வேகத்தைக் கூட்டியும் அசைவே கேட்கவில்லை என்றாலோ, கோரஸில் மூல ஒலி மட்டுமே வருகிறது என்றாலோ, உள்ளே தாமதச் சிப்போ அலையியற்றியோ பழுதாகியிருக்கக்கூடும். பழைய எம்என் வரிசைச் சிப்களுக்கு மாற்று தேடுவது எளிதல்ல என்பதால், சரிபார்க்கத் தெரிந்த தொழில்நுட்பர் அருகில் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அப்பெடலை விட்டுவிடுங்கள். பழைய சிஇ-2இன் ஒலிதான் வேண்டும் என்றால், 2016இல் பாஸ் வெளியிட்ட சிஇ-2டபிள்யூ அந்தச் சுற்றையும், சிஇ-1இன் கோரஸ், வைப்ரேட்டோ ஆகிய இரண்டையும் ஒரே பெட்டியில், இன்றைய அடாப்டரில் இயங்கும்படி தருகிறது.